கூடத்துக்குக் காப்பிப்பொடி நிறம்

அன்புள்ள ஸஹானாவுக்கு,

சேலையூரில் நாங்கள் இருவரும் சௌக்கியம், ஓஸ்லோவில் நீயும் ஷ்யாம்சுந்தரும் பனியில் வழுக்கி விழாமல் சௌக்கியமாக இருக்க வேண்டும். உன் அம்மா அனுப்பும் பருப்புப்பொடிப் பார்சலுக்குள் இதை ஒளித்து வைக்கிறேன். வீடியோவில் பேசினால் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் சொல்வதற்கெல்லாம் திருத்தம் சொல்கிறாள், அதனால்தான் கடிதம்.

போன தீபாவளிக்குக் கூடத்து டைல்ஸில் வழுக்கி விழுந்தாளே, எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொல்லி நாலு மாதமாகிறது, பயம் மட்டும் போகவில்லை. வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டேதான் நடப்பாள், கூடத்தின் நடுவில் காலே வைக்க மாட்டாள். பார்க்கப் பொறுக்காமல் டைல்ஸைப் பெயர்த்துச் சொரசொரப்பாகச் சிமெண்டுத் தரை போடச் சொன்னேன். வெறும் சாம்பல் நிறத்தைப் பார்த்துவிட்டு, கார் ஷெட்டில் குடியிருக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். சரி, சாயம் ஏற்றிவிடலாம் என்று நானே இறங்கினேன். மொட்டைமாடியில் ஒரு மூலையில் முதலில் பூசிப் பார்த்ததில் கத்தரிக்காய் நிறம் வந்தது, அதை அவள் அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லிவிட்டாள். தாம்பரத்தில் ஜெயவேலு கடையில் வேறு சாயம் வாங்கிவந்தேன். அவர், "சார், மேல சீலர் அடிக்கிற வரைக்கும் இன்னா சிந்தினாலும் தரை உறிஞ்சிக்கும், அப்பால என்னாண்ட வந்து பேஜார் பண்ணாதீங்க" என்று எச்சரித்துத்தான் அனுப்பினார். ஒரு மாதம் தரையைக் காயவிட்டு, தேய்த்துக் கழுவி, இரண்டு கை பூசினேன். அசல் காப்பிப்பொடி நிறம், பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனேன்.

சனிக்கிழமை சீலர் அடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலை பிரஷ் வாங்கப் போய்த் திரும்பினால், கூடத்தின் நட்டநடுவில் ஈர மாக்கோலம்! எட்டு இழை, நாலு பக்கமும் தாமரை. தலையில் கைவைத்துக்கொண்டு கத்தினேன். "புதுத் தரையை வெள்ளிக்கிழமையும் அதுவுமா மூளியா விடுவாளா?" என்று அவள் என்னைவிடப் பெரிதாகக் கத்தினாள். மண்டிபோட்டுத் தேங்காய் நாரால் தேய்தேய் என்று தேய்த்தேன், மாவு போனது, வெளுத்த இழைகள் போகவில்லை. சுவர் எங்கேயோ இருக்க, நடுக்கூடத்தில் முட்டியைப் பிடித்துக்கொண்டு நான் எழுந்திருக்கத் திண்டாடியபோதுதான் உறைத்தது. இடது கையில் மாவுக் கிண்ணம், வலது கையில் துணி, எதைப் பிடித்துக்கொண்டு இவள் இங்கே வந்தாள், உட்கார்ந்தாள், எழுந்து போனாள்? எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை அம்மா. நாரை ஓரமாகப் போட்டுவிட்டுக் காப்பி கேட்டேன். மறுநாள் கோலத்தின் மேலேயே சீலர் அடித்தாயிற்று. பக்கத்து வீட்டு கீதாவிடம் அதெல்லாம் தன்னுடைய டிசைன் என்கிறாள், நானும் மறுக்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள், பொடியை ஃப்ரிட்ஜில் வை. இருவரும் எல்லா நலனும் பெற்று நிறைவாக இருக்க எங்கள் ஆசீர்வாதம். ஒன்றே ஒன்று, மறந்துவிடாதே. தரை நன்றாக இருக்கிறது என்று அம்மாவிடம் எவ்வளவு வேண்டுமானாலும் சொல், சுவரைப் பிடிக்காமல் நடக்கிறாயே என்று மட்டும் கேட்டுவிடாதே. அவள் இன்னும் கவனிக்கவில்லை.

உன் அன்பு அப்பா,
சுந்தரராமன்