டி என்று எழுதிய டப்பா

பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். போனில் பேசினால் உங்களுக்குக் காது கேட்பதில்லை. "ஆங், ஆங்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

வேலை எப்போதும் போலத்தான். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் எங்கள் லேப். ஜன்னல் கிடையாது. காலை ஏழுக்கு இறங்கினால் இருட்டிய பிறகு ஏறுகிறேன். மழை பெய்ததா என்பதை வருகிறவர்களின் குடையைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன்.

போன வாரம் ஊழியர்கள் எல்லோருக்கும் ரத்தம் பார்த்தார்கள். என் ரிப்போர்ட்டை நானேதான் தட்டச்சு செய்தேன். விட்டமின் டி இருபதுக்கு மேலாவது இருக்க வேண்டும். எனக்கு எட்டு. யாருடைய எண்ணையோ அடிப்பதுபோல அடித்துவிட்டு அடுத்த தாளை எடுத்தேன்.

டாக்டரம்மா கேட்டார்: "வெயில்ல எப்ப நிப்பே?"

"லீவு அன்னிக்கு மேடம்."

"லீவு அன்னிக்கு என்ன பண்ணுவே?"

"தூங்குவேன்."

மாத்திரை எழுதி, அதற்குக் கீழே 'வெயில், தினம் இருபது நிமிஷம்' என்றும் எழுதிக் கொடுத்தார்.

பக்கத்து வீட்டுத் தையல் அக்கா போன் செய்தார். அம்மா போன இந்த ஏழு மாதமும் நீங்கள் வேலைக்குப் போகவில்லையாம். பகலிலும் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறீர்களாம். குளியலறையில் சறுக்கி விழுந்தீர்களாம். அம்மாவும் அங்கேதான் விழுந்தாள். தினம் கொஞ்ச நேரம் வெளியே வாருங்கள் அப்பா. நான் கேட்பது இது ஒன்றுதான்.

உங்கள் மகள்


பிப்ரவரி 20

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுறது. சௌக்கியம். விழுந்தது நிஜந்தான், அடி ஒண்ணுமில்ல. அந்தத் தையக்காரி வாய்க்குப் பூட்டு போட ஆளில்ல.

இருபத்தெட்டு வருஷம் ரோட்டுல தார் ஊத்துனவனைப் போய் வெயில்ல நில்லுங்கறியே. ரோலர்கிட்ட சொன்னேன், என்கூட ரோலர் ஓட்டுவானே, அவன்தான். அவன் சிரிச்ச சிரிப்பு எனக்கே கேட்டுச்சு. என் தோல்ல ஊறின வெயில் இன்னும் ஏழு ஜென்மத்துக்குக் காணும்.

உனக்கு எதுக்கு வெயில் எழுதினாங்கன்னுதான் புரியல. நீ நிழல்ல உக்காந்து சம்பளம் வாங்கணும்னுதானே நான் அங்க நின்னேன். உங்கம்மாவையும் ஒரு நாள் வெயில்ல விட்டதில்ல. துணி காயப்போடக்கூட மாடி ஏற வேணாம்னு ரூமுக்குள்ள நானே கயிறு கட்டிக் குடுத்தேன். உனக்கு ஞாபகம் இருக்கும்.

இன்னொண்ணு. ரோலர் வந்தப்ப டீ போடலாம்னு அலமாரியில இருந்து ஒரு டப்பாவை எடுத்தேன். மேல 'டி'ன்னு உங்கம்மா எழுதியிருக்கா. அவளுக்குக் குறில் நெடில் எப்பவும் தகராறுதானே. டீத்தூள்னு நினைச்சு இத்தனை நாளா தொடாமலே விட்டிருக்கேன், அவ போனதுல இருந்து நான் டீ போடல. தொறந்தா ஒரு மாத்திரை அட்டை. பெருசு பெருசா ஏழு இருக்கு. எட்டாவது இடம் காலி. இது என்ன மாத்திரை? உனக்குத் தெரியுமா?

வெயில்ல அலையாத.

அப்பா


மார்ச் 1

அன்புள்ள அப்பாவுக்கு,

அது டீ இல்லை அப்பா. டி-தான். அம்மா சரியாகத்தான் எழுதியிருக்கிறாள்.

போன வருஷம் அம்மாவுக்கு இடுப்பும் தொடையும் வலித்தபோது இங்கே அழைத்துவந்து ரத்தம் பார்த்தேன். உங்களிடம் 'சத்துக் குறைவு' என்று மட்டும் சொன்னேன். அம்மாவுடைய எண் ஐந்து. பெரும்பாலும் வெயில் பட்டு உடம்பே செய்துகொள்கிற சத்து அது. அது இல்லாவிட்டால் எலும்பு பலம் இழந்துவிடும். வாரம் ஒரு மாத்திரை, எட்டு வாரம், கூடவே வெயில் என்றார் டாக்டர்.

'விட்டமின் டி' என்று நான் சொன்னதும், "பெத்தவளையே டி போட்டுக் கூப்பிடுறியாடி" என்றாள் அம்மா. டாக்டரும் சிரித்துவிட்டார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாகிட்ட வெயில்னு சொல்லிடாத. நம்மள நிழல்ல வைக்கத்தான் அந்த மனுஷன் அங்க வேகுறாரு. மனசு விட்டுப் போயிடும்" என்றாள். மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒன்றைத் தவிர மாத்திரையையும் சாப்பிடவில்லை என்பது உங்கள் கடிதத்தில்தான் தெரிந்தது. ஏன் என்பதும் எனக்குத் தெரியும். அந்த மாதம் போனில், பஸ்ஸுக்கு நின்றால் கால் எலும்பு வலிக்கிறது என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். "அப்ப உனக்கும் இந்த டி-தான் வேணும். எடுத்து வைக்கிறேன்" என்றாள். நான் சிரித்தேன். பிறகு மறந்துபோனேன்.

அம்மா விழுந்ததில் எலும்பு முறிந்ததற்கு இது ஒன்றுதான் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. ஏற்கெனவே பலமில்லாத எலும்பு என்று மட்டும் சொன்னார்கள். உங்களிடம் மறைத்தது நான். கோபித்துக்கொள்ளுங்கள். ஆனால் கதவைத் திறந்து வையுங்கள். தோலில் ஊறிய வெயில் ஏழு ஜென்மத்துக்கு வராது அப்பா. சில மாதத்தில் தீர்ந்துவிடும்.

அந்த மாத்திரையை நீங்கள் சாப்பிட வேண்டாம். பழசு. அளவு தெரியாமல் சாப்பிட்டாலும் கெடுதல்.

இதை எழுதும்போது அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. எப்போதும் முடிக்கிற 'வெயில்ல அலையாத' என்ற வரியோடுதான் உங்கள் கடிதத்தை இந்த முறையும் முடித்திருக்கிறீர்கள். நான் ஹாஸ்டலுக்குப் போன நாளிலிருந்து ஒரு கடிதத்திலும் அதை விட்டதில்லை.

உங்கள் மகள்


மார்ச் 23

அன்புள்ள அப்பாவுக்கு,

மூன்று வாரமாக உங்களிடமிருந்து பதில் இல்லை. போனும் எடுக்கவில்லை. வீட்டில்தான் இருக்கிறீர்கள் என்று தையல் அக்கா சொன்னார்.

மாத்திரை சாப்பிடத் தொடங்கிவிட்டேன். இன்று சாப்பாட்டு நேரத்தில் மேலே ஏறி, வண்டி நிறுத்தும் இடத்தில் நின்றேன். பதினொரு நிமிடம். கூச்சமாக இருந்தது. வாட்ச்மேன், "யாரைம்மா தேடுறே?" என்று கேட்டார். அப்படியே கீழே இறங்கிவிட்டேன்.

ஒரு வரியாவது போடுங்கள்.

உங்கள் மகள்


ஏப்ரல் 6

பாப்பாவுக்கு,

ரெண்டு கடுதாசியும் வந்துச்சு. கோவம் இல்ல. எழுத உக்காந்தா கை ஓடல.

அந்தக் கயிறைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு வாரம் பாத்துட்டு அவுத்தேன். நான் போட்ட முடிச்சு, அவ்வளவு இறுக்கம். கத்தி வைக்கல. நகத்தாலயே அவுத்தேன்.

அதையே கொண்டுபோய் மாடியில கட்டினேன். காலைல துணிய எடுத்துக்கிட்டு ஏறுறேன். காயுற வரைக்கும் அங்கேயே நிக்குறேன். தையக்காரி பாத்துட்டு, "ஏண்ணே, ஒத்தச் சட்டைக்கு இவ்வளவு காவலா"ன்னா. இறங்குறப்ப கைப்பிடியப் பிடிச்சுத்தான் இறங்குறேன், பயப்படாத. வேலைக்கு நின்னப்ப தெரியாத வெயில் சும்மா நிக்கறப்ப வேற மாதிரி இருக்கு. எப்படின்னு கேட்டா சொல்லத் தெரியல.

உங்கம்மா ஒரு தடவ கேட்டா, "மாடியில போட்டா துணி நல்லா காயுங்க"ன்னு. "கறுத்துப் போயிடுவ"ன்னேன். அவ்வளவுதான் பேசினோம்.

மாத்திரைய மருந்துக்கடையில குடுத்துட்டேன். அந்த டப்பாவுல இப்ப டீத்தூள் இருக்கு. மேல எழுதினதை மாத்தல. டி-ன்னே இருக்கட்டும்.

பதினொரு நிமிஷமெல்லாம் பத்தாது. டாக்டர் இருபதுன்னு சொல்லியிருக்காங்கல்ல. வாட்ச்மேன் கேட்டா, எங்கப்பா நிக்கச் சொன்னாருன்னு சொல்லு.

வழக்கமா முடிக்கிற வரியக் கை தானா எழுத ஆரம்பிச்சிடுச்சு. பாதியில நிறுத்திட்டேன். அடிக்க மனசு வரல. மீதிய நீயே போட்டுக்க.

வெயில்ல

அப்பா