போனில் தெரியாத புருவம்

பிப்ரவரி 9
குளிர்கால இருட்டு முடிந்து சூரியன் திரும்பி வந்த ஐந்தாம் நாள்

அன்புள்ள அண்ணன் நூக்காவுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் பதினொரு நாய்களும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த டென்மார்க் மழையில் நனையாமல் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். பெற்ற மகளை ஒருவன் அண்ணா என்று கூப்பிடுவானா என்று நீ காதலிக்கிற டேனிஷ்காரப் பையன் போன கோடையில் திருதிருவென்று விழித்தானே, இப்போதாவது அவனுக்கு விளங்கியதா? பனிக்கடலில் மூழ்கிப்போன என் அண்ணனின் பெயரை உனக்கு வைத்தோம், நம் வழக்கப்படி பெயர் வந்தபோதே ஆளும் வந்தாயிற்று, இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது. உன் அம்மா உன் போட்டோவைத் துடைக்கும்போதெல்லாம் "என்ன மூத்தாரே, சாப்பிட்டீங்களா, இல்ல அந்த ரொட்டிய மென்னுக்கிட்டுதான் இருக்கீங்களா?" என்று கேலி செய்கிறாள். முழங்கால் வலியோடு அவளும் குன்றின் மேல் ஏறி வந்து சூரியனுக்குப் பாடினாள், பாதியில் மூச்சு வாங்கி என்மேல் சாய்ந்துகொண்டாள். கிழட்டு வெள்ளைப் பெட்டை ஐந்து குட்டி போட்டிருக்கிறது, மூன்றுதான் தேறும்போல இருக்கிறது.

நீ கேட்பாய், வாரம் தவறாமல் போனில் பேசுகிற அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று. போனில் உன் குரலைக் கேட்டால் என் வாய் பழைய சொல்லைத்தான் சொல்லும், அதனால்தான் எழுதுகிறேன். அந்தச் சொல் உனக்குத் தெரியும். இமகா. இருக்கலாம், பார்க்கலாம், யார் கண்டது, எல்லாவற்றுக்கும் நமக்கு அந்த ஒரு சொல்தான். நாளைக்கு மீனுக்குப் போகிறாயா என்றால் இமகா, காற்று நிற்குமா என்றால் இமகா. கல்யாணத்தன்று பாதிரியார் கேட்டபோதுகூட நான் இமகா என்று சொல்லித் தொலைப்பேனோ என்று உன் அம்மா நடுங்கிப்போனாளாம். கடல் கேட்டுக்கொண்டிருக்கும்போது எதையும் அடித்துச் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் சொல்லும்போது முகம் பேசும் அல்லவா, புருவத்தைத் தூக்கினால் ஆமாம், மூக்கைச் சுருக்கினால் இல்லை, இதை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்று வருடமாக ஒவ்வொரு வசந்தத்திலும், மீன் நோயை ஆராய்கிற நீ போனில் கேட்டாய், "அப்பா, மீனோட செவுள்ல வெளுத்த கட்டி ஏதாவது பாத்தீங்களா?" என்று. மூன்று முறையும் நான் இமகா என்றேன். மூன்று முறையும் புருவத்தைத் தூக்கினேன் நூக்கா. உன் அம்மா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள், அவளைக் கேட்டுப் பார். போனில் புருவம் தெரியாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் தூக்கினேன் என்று இப்போது தோன்றுகிறது, அதுதான் என்னைத் தின்கிறது. ஆமாம் என்று சொன்ன புண்ணியமும் வேண்டும், சொன்ன வம்பும் வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

உன் அறிக்கையைக் கடையின் பலகையில் ஒட்டியிருந்தார்கள். மற்ற வளைகுடாக்களில் ஒட்டுண்ணிக் கட்டி இருக்கிறது, நம் வளைகுடாவில் பார்த்ததாக மீனவர்கள் யாரும் சொல்லவில்லை, அதனால் கோடையில் வரும் ஆராய்ச்சிக் கப்பல் இங்கே வராது என்று படித்தேன். பக்கத்து வீட்டுச் செவெரின் என் முதுகில் தட்டி, "உன் பொண்ணு நம்ம ஊரக் காப்பாத்திட்டாடா எனோக், மத்தவன் மீனெல்லாம் சீக்கு, நம்ம மீனு மட்டும்தான் சுத்தம்" என்று ஊருக்கே காபி ஊற்றினான். நானும் குடித்தேன்.

இந்த வருடம் பனி ஜனவரி பாதியில்தான் இறுகியது, நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் நவம்பரிலேயே பனிமேல் நாய்வண்டி ஓட்டுவோம். தூண்டில் கயிற்றை இழுத்தால் ஹாலிபட் மீன் துள்ளாமல் ஈரத்துணி மாதிரி வருகிறது, செவுளைத் திறந்தால் வெந்த பார்லி அப்பியது போல வெளுத்த கட்டி. முந்தாநாள் வந்த நாற்பது மீனில் ஒன்பதில் இருந்தது. முதல் வருடம் இரண்டோ மூன்றோதான். கடல் சூடாகிறது என்று நீ சொல்வாய், இருக்கட்டும், ஆனால் நான் செய்ததையும் சொல்கிறேன். கட்டி உள்ள தலைகளை நறுக்கிப் பனித்துளை வழியாக அதே கடலுக்குள் தள்ளிவிட்டேன், மூன்று குளிர்காலமும். என் அப்பா கழிவைக் கடலுக்கே திருப்பிக் கொடுப்பார், நானும் அப்படியே கொடுத்தேன். அந்தத் தலைகளை நாய்களுக்குப் போட மனம் வரவில்லை, கடலுக்குப் போட மட்டும் மனம் வந்தது. அதைத் தின்ற மீனுக்கும் தொற்றுமா என்று உனக்குத்தான் தெரியும். தொற்றும் என்றாலும் மறைக்காமல் எழுது.

நேற்று ஒரு தலையைச் செவெரினிடம் காட்டினேன். அவன் முகம் மாறவே இல்லை. "நானும்தான் பாத்தேன், மூணு வருசமா பாக்கறேன். நீ மீனவர் சங்கத் தலைவரு, உன் பொண்ணே கேட்டும் நீ சொல்லல, அப்பறம் நான் எதுக்கு வாயத் தொறக்கணும்னு இருந்துட்டேன்" என்றான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "எழுதித் தொலைக்காதடா, மீனு வாங்கற எடத்த மூடிட்டா நாம எங்கடா போறது" என்றான். அவன் கேட்டதும் நியாயம்தான். ஆனால் கப்பல் வராமல் போனால் என்ன நோய் என்றே தெரியாமல் இந்த வளைகுடாவை நாமே காலி செய்துவிடுவோம்.

மார்ச் மூன்றாம் தேதி நீ ஆராய்ச்சிக்காரர்களின் பெரிய சபையில் அந்த அறிக்கையைப் படிக்கப் போகிறாய். இப்போது திருத்தினால், சொந்த அப்பன் பேச்சே புரியாதவள் என்று உன்னைத்தான் சிரிப்பார்கள். அது எனக்கு வலிக்கிறது. ஆனாலும் திருத்து அண்ணா. உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உன் பெயர்க்காரன் கடைசியாகப் பனிமேல் வண்டி பூட்டிய காலையில், நாய்களின் சிக்கலான வார்களை அவிழ்த்தபடி குனிந்துகொண்டே கேட்டான், "முனைக்கிட்ட பனி தாங்குமாடா தம்பி?" என்று. முதல் நாள் நான் அங்கே கறுத்த விரிசலைப் பார்த்திருந்தேன். மூத்தவனுக்கு நான் பாடம் எடுப்பதா என்று, இமகா என்றேன். மூக்கைச் சுருக்கினேன். அவன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்காமலே முனைப் பக்கம் வண்டியை ஓட்டிப் போனான். முப்பத்தொரு வருடமாகிறது, உன் அம்மாவுக்கும் இது தெரியாது.

வியாழக்கிழமை ஹெலிகாப்டரில் இந்தக் கடிதத்தோடு ஒரு பெட்டியும் வரும். வெள்ளை மூடி டப்பாவில் உனக்கு உலர்ந்த மீன், நீல மூடி டப்பாவில் கட்டியோடு உறைந்த மீன் தலை, மாற்றித் திறந்து உன் பையனுக்கு விருந்து வைத்துவிடாதே. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. எங்கள் ஆசீர்வாதம் உன் தலைமேல் எப்போதும் இருக்கும், ஆண்டவர் உன் காலடியைக் கெட்டியாக வைக்கட்டும். சபையில் யார் சொன்னது என்று கேட்டால் என் பெயரையே சொல். இந்தக் காகிதத்தில் என் முகம் இல்லை, அதனால் எழுத்தாலேயே சொல்கிறேன். ஆமாம், பார்த்தேன்.

உன் அப்பா, உன் தம்பி,
எனோக்