துவரட்டலுக்கு எழுதிய பொருள்

ஜனவரி 9
'து' வரிசைச் சீட்டுகள் இன்று திரும்பி வந்தன. எங்கள் அகராதி அலுவலகத்தில் ஒரு சொல்லுக்கு ஒரு சீட்டு. என்னுடையதை ஆசிரியர் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். "துவரட்டல்: வாழைக்காய்த் தோலைப் பொடியாக அரிந்து, வேகவைத்துத் தாளித்த கறி." நிறுத்தினார். "தோலா? அதை மாடுதாம்மா திங்கும். உங்க வீட்ல யாரு திங்கிறா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜனவரி 10
நான் ஏன் சிரித்தேன்?

பிப்ரவரி 21
அச்சுப்படி வந்தது. துவரட்டல் இருக்கிறது! 'வாழைக்காயைத் துண்டுகளாக்கித் தாளித்த கறி.' தோலைக் காணோம். திரட்டியவர் என்ற இடத்தில் ஆசிரியரின் பெயர்.

கடைசியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவள் நான். சிவப்புப் பேனாவைத் திறந்தேன். மூடினேன். அச்சேறட்டும். வெளியீட்டு விழாவில் யாராவது எழுந்து கேட்கட்டும். அவர் முகம் போகிற போக்கை முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 2
நம் சொல் புத்தகத்தில் வருகிறது என்று மட்டும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒரு விடுதிச் சமையற்கட்டில் காய் நறுக்குகிறவள். காய் விடுதிக்கு, தோல் எங்களுக்கு. அதைத் தின்றுதான் பட்டம் வாங்கினேன். கூட வேலை செய்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாளாம் — "என் பொண்ணு போட்டிருக்கா."

ஏப்ரல் 12
விழா. யாரும் கேட்கவில்லை. ஒரு பேராசிரியர் அந்தச் சொல்லையே எடுத்துப் பாராட்டினார். ஆசிரியர் கைகூப்பினார். தோலைத் தின்றவர்கள் அந்த அரங்கில் என்னைத் தவிர யாருமில்லை. நானும் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினேன். வெளியே வரும்போது, "சாப்பிட்டாச்சாம்மா?" என்றார். பாவி.

ஏப்ரல் 13
அம்மா வாசிக்கச் சொன்னாள். அச்சில் இருந்தபடியே வாசித்தேன்.

"காயா? எவன்டி சொன்னான்?"

"ஆசிரியர்."

"அவனுக்கென்ன தெரியும். நீ பாக்கலியா?"

பாத்தேன்மா. வேணும்னுதான் விட்டேன், அவனை அசிங்கப்படுத்தணும்னு — எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அசிங்கப்பட்டானா?"

இல்லை.

"விடுதியில எல்லாரும் கேப்பாங்களே. நான் என்னடி சொல்ல?"

ஏப்ரல் 15
ஆசிரியர் அறைக்குப் போனேன். கதவைச் சாத்தவில்லை. எல்லோருக்கும் கேட்கட்டும்.

"உங்க துவரட்டல் தப்பு சார். அது தோல். எங்க வீட்ல நாங்கதான் திங்கிறோம். சொல்லைத் தந்தவங்கன்னு எங்கம்மா பேரைப் போட்டுத் திருத்துங்க."

"கையெழுத்து உன்னோடதுதானேம்மா?"

"ஆமா. தெரிஞ்சேதான் விட்டேன். ரெண்டு பேர் தப்பையும் எழுதி அலுவலகத் தலைவர் மேஜையில வச்சுட்டுதான் வர்றேன்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

மே 6
கிடங்கில் உட்கார்ந்து, ஒவ்வொரு பிரதியிலும் திருத்தச் சீட்டு ஒட்டுகிறோம். தப்புச் செய்த இருவருமே ஒட்ட வேண்டும் என்பது தலைவர் உத்தரவு. ஒவ்வொரு சீட்டிலும் அம்மாவின் பெயர். அவர் ஒட்டியது கோணலாக இருந்தால் பிரித்து மறுபடி ஒட்டச் சொல்கிறேன்.

மதியம், விரலெல்லாம் பசையோடு கேட்டார்: "தோல் துவர்க்காதாம்மா?"

"துவர்க்கும்" என்றேன்.

அதைப் போக்க அம்மா என்ன செய்வாள் என்று சொல்லவில்லை.