விட்டுப்போன காம்பரா

அப்புத்தளை, மேல் டிவிசன்.

அன்பு மக துஷ்யந்திக்கு, ஜோர்தான்ல அந்த தையல் மெசின் சத்தத்துக்கு நடுவுல ஒனக்கு ஒரு தலவலியும் வரக்கூடாதுன்னு மாரியாத்தாள கேட்டுக்கிட்டு அம்மா எழுதுறது. நான் நல்லா இருக்கேன்னுதான் எப்பவும் ஆரம்பிப்பேன், இந்த தடவ அத பொறவு சொல்றேன். போன்ல பேசினா சிரிச்சே சமாளிச்சிருவேன், அதான் கடுதாசி.

நீ போனதுல இருந்து எனக்கு பேச்சுத்தொண போன்தான் புள்ள. சோறு வேகுற வரைக்கும் வீடியோ, தின்னுறப்பவும் வீடியோ. அதுல ஒரு டாக்டரம்மா சொல்றாங்க, வந்த நோயாளிய மட்டும் பாத்தா பத்தாது, வராதவங்க யாரு, ஏன் வரலன்னு ஊரையே பாக்கணும்னு. ஐயோ, எனக்கு புல்லரிச்சிருச்சி! நாலு தடவ பாத்தேன். நம்ம டிஸ்பென்சரி பிரஷர் கிளினிக்குக்கு மாசம் ஆறு பேருதான் வாராங்க. நர்ஸ் நிரஞ்சலா மிஸ், ஒங்காளுகளுக்கு ஒடம்பு மேல அக்கறையே இல்லக்கான்னு கோவிச்சாங்க. மிஸ், நீங்க வைக்கிறது செவ்வா காலையில, மலைய விட்டு எறங்கினா அன்னைக்கு செக்ரோல்ல முழு நாள் பேர் விழாது, அர சம்பளந்தான், யாரு வருவா, அந்திக்கு கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு நீங்க வாங்கன்னேன். வந்தாங்க! கணக்கப்புள்ள புவனேந்திரன், விஜயலெட்சுமி டாக்டராயிட்டா, இனி கொழுந்து யாரு பறிப்பான்னு நக்கலடிச்சாரு, ஆனா மொதல்ல கைய நீட்டினது அவருதான்.

பொறவு மூணு லயத்து வீட்டு வரிசையும் ஏறி எறங்கி, ஒரு கதவு விடாம, காம்பரா காம்பராவா யாரு யாரு இருக்காங்கன்னு லிஸ்டு போட்டேன். மாத்திர குடிக்கிற ஒவ்வொருத்தரையும் பக்கத்து காம்பராக்காரங்க விடிய செவுத்துல தட்டி கேக்கணும்னு நாந்தான் யோசன சொன்னேன், எல்லாரும் கை தட்டினாங்க. மிஸ் லிஸ்ட பாத்துட்டு, கதவு முப்பத்தாறு இருக்கே, முப்பத்தஞ்சுதானே எழுதியிருக்கீங்க, ஒண்ணு எங்கக்கான்னாங்க. எண்ணி எண்ணி பாத்தேன். நம்ம காம்பரா புள்ள. நீ போன பொறவு அதுல ஆள் இருக்குன்னே எனக்கு தோணல போல.

கைய குடுங்கன்னு புடிச்சி பாத்தாங்க. பிரஷர் நூத்தி எழுவது. பயப்படாத, மாத்திர குடுத்துட்டாங்க. ஆனா கிளினிக் கார்டுல அவசரத்துக்கு யார கூப்புடணும்னு ஒரு கட்டம் இருந்திச்சி, ஒன் பேர எழுதினேன். ஒரு மணி நேரத்துல வரக்கூடியவங்க பேரு வேணும்க்கான்னாங்க. நம்ம செவுத்துக்கு அந்தப்பக்கம் பெரியாயிதானே, தண்ணி பைப்புல நடந்த சண்டைக்கு பொறவு ரெண்டு வருசமா மூஞ்ச பாக்கல. லிஸ்டுல பக்கத்து காம்பராவ பாத்து மிஸ்ஸே அவ பேர எழுதிட்டாங்க.

மறுநா விடியக்கருக்கல்ல செவுத்துல டொம்மு டொம்முன்னு சத்தம். ஏய் விஜி, முழுங்கினியா, செத்துகித்து தொலையாத, ஒன் லிஸ்டு கெட்டுப்போயிரும்னு கத்துறா. நீ போனதுக்கு பொறவு விடிஞ்சதும் என்ன கூப்புட்ட மொத கொரல் அதுதான். முழுங்கிட்டேன்னு கத்தினேன், ஆனா அழுது முடிச்சிட்டுதான் முழுங்கினேன்.

இப்ப நல்லா இருக்கேன், நெசமாத்தான். தண்ணி நெறைய குடி, ஊறுகா கொறச்சிக்க, பிரஷர் பாத்து எழுது. அத விட முக்கியமா ஒண்ணு எழுது, ஒன் கட்டிலு பக்கத்து செவுத்துக்கு அந்தப்பக்கம் யாரு இருக்கா, அவ பேரு என்ன? தெரியலன்னா இன்னைக்கே போயி தட்டு. ஆத்தா ஒன்ன கண்ணுக்குள்ள வச்சி காப்பா.

இப்படிக்கு, முப்பத்தாறாவது காம்பராவுல இருந்து,
ஒன் அம்மா விஜயலெட்சுமி