திருநீறு பூசிய டெக்

சுங்கை சிப்புட்,
9.11.1986, ஞாயிறு.

அன்பு மகள் நவமணிக்கு உன் அப்பா பிச்சைமுத்து எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் சளி இருமல் இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பயந்து போயிருப்பாய். பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உன் அம்மா செல்லாயி இதோ பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணுமில்லன்னு முதல்ல எழுதுங்க, பிள்ள பதறிடும்லா" என்று மூன்று தடவை சொல்லிவிட்டாள். அவள் முழங்கால் வலி மட்டும் மழை பெய்தால் வருகிறது, வெயில் அடித்தால் போகிறது. உன் தம்பி ராஜு சிமெண்டு பாக்டரி வேலையில் நிரந்தரமாகிவிட்டான், அந்தச் சந்தோஷத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தித் தினமும் இரண்டு வேளை குளிப்பாட்டுகிறான், தான் ஒரு வேளைதான் குளிக்கிறான். தீபாவளி நல்லபடியாகப் போனது. நீ அனுப்பிய சட்டை எனக்குச் சரியாக இருந்தது, போட்டுக்கொண்டுதான் கோயிலுக்குப் போனேன். இதற்கு முன்னால் நீ அனுப்பிய இரண்டு சட்டைகளையும் நான் பிரிக்கவே இல்லை என்பது உனக்கும் தெரியும், அம்மா எழுதியிருப்பாள்.

நீ ஒசாகாவுக்குப் போய் இரண்டரை வருஷமாகிறது, நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். என் கோபம் உனக்குத் தெரியாததில்லை. இருபத்திரண்டு வருஷம் ஈப்போவில் சினிமாக் கொட்டகையில் படம் ஓட்டும் ஆப்பரேட்டராக இருந்தவனை, இனிமேல் வரவேண்டாம் என்று முதலாளி கூப்பிட்டுச் சொன்ன அதே மாசத்தில்தான் நீ வேலை செய்த பினாங்கு பாக்டரியில் உன்னை ஜப்பானுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். ஊரில் ஆளாளுக்கு வீடியோ பார்க்க ஆரம்பித்து எண்ணூறு நாற்காலிக்கு முப்பது பேர் வந்தால் எந்த முதலாளிதான் கொட்டகையை நடத்துவான். அது என் மண்டைக்கு ஏறவில்லை. நீ அந்த வீடியோ கேசட் ஓட்டுகிற டெக்குக்கு உள்ளே, டேப்பிலிருந்து படத்தை எடுக்கும் ஹெட்டைச் செய்யப் போகிறாய் என்பது மட்டும் ஏறியது. என் சோற்றில் மண்ணைப் போடுகிற மெசினைச் செய்ய என் பிள்ளையே போகிறாளா என்று கத்தினேன். நீ கிளம்பிய அன்றைக்கு சுபாங் ஏர்போர்ட்டுக்கு வரவில்லை. வாசலில் நீ காலில் விழுந்தபோது நான் கையைக்கூடத் தூக்கவில்லை, அம்மாதான் உனக்குத் திருநீறு பூசினாள். பூசாமல் விட்டேனே என்று அன்றைக்கு ராத்திரியே நினைத்தேன். நினைத்து என்ன செய்வது, பிடிவாதம் என்று ஒன்று இருக்கிறதே, அது எனக்கு மூக்கைப் போல முகத்தோடேயே வந்தது.

இந்த மே மாசத்திலிருந்து குமரப்பன் கடையில் வேலை செய்கிறேன் என்று அம்மா எழுதினாளா? பசாருக்கு எதிரே வீடியோ கேசட் வாடகைக்குக் கொடுக்கிறாரே அவர் கடைதான். முதலில் வரமாட்டேன் என்றேன். அவர், "பிச்சையண்ணே, மெசின் தெரிஞ்ச ஆளு வேணும், உங்களை விட்டா இந்த ஊருல எனக்கு யாருலா" என்றார், அந்த ஒரு வார்த்தைக்கு மயங்கிப் போய்விட்டேன். திரும்பி வருகிற கேசட்டை முதலுக்குச் சுற்றி வைப்பது, டெக்கைத் துடைப்பது, டெக் வாடகைக்குப் போகிற வீட்டில் போய் டிவியோடு இணைத்துக் கொடுப்பது, இதுதான் வேலை. உண்மையைச் சொல்ல வேண்டுமானால் எனக்குப் பிடித்துப் போய்விட்டது. கொட்டகை வாசலை ஒரு நாளும் மிதிக்காத பொம்பளைகள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு படம் பார்க்கிறார்கள், புரியாத இடத்தைத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். ஒரு சீனைத் திரும்பப் போடு என்று கொட்டகையில் என்னிடம் யார் கேட்டிருக்க முடியும்? விசில்தான் அடிப்பார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் பக்கத்து வீட்டு இருளாயியின் புருஷன் சின்னையா ஏப்ரல் மாசம் லோரி விபத்தில் போனது உனக்குத் தெரியும். அதற்கு நாலு மாசம் முன்னால்தான் அவர்கள் மகன் அர்ச்சுனன் கல்யாணம் நடந்தது, அதை வீடியோ எடுத்திருந்தார்கள். சின்னையா உயிரோடு நடப்பதும் பேசுவதும் அந்த ஒரே ஒரு கேசட்டில்தான் இருக்கிறது. இருளாயி வீட்டில் டெக் கிடையாது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கடையில் கூட்டம் இருக்காது, அப்போது கேசட்டை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வருவாள், நான் போட்டுக் காட்டுவேன். ஸ்டூலில் உட்கார்ந்து பார்ப்பாள், அழ மாட்டாள், முடிந்ததும் "வாரேன்ணே" என்று போய்விடுவாள். போன மாசம் ஆயுத பூஜை வந்தது. கொட்டகையில் ஆயுத பூஜை என்றால் புரொஜெக்டருக்கு அடியிலிருந்து முடிவரை திருநீறு பூசிச் சந்தனம் வைத்துத்தான் எனக்குப் பழக்கம். அதே போல் இங்கேயும் குளித்துவிட்டு வந்து டெக்குக்கு மூன்று விரலால் பட்டை அடித்தேன். ஒரு கை தாராளமாகவே பூசினேன், கேசட் நுழைகிற வாய்க்கு மேலேயும் பூசினேன். இதைப் படிக்கும்போது நீ தலையில் அடித்துக்கொள்வாய் என்று இப்போது தெரிகிறது, அன்றைக்குத் தெரியவில்லை. அந்தச் சாம்பல் எல்லாம் உள்ளே கொட்டியிருக்கிறது. பூஜைக்கு அப்புறம் அந்த டெக்கில் போட்ட முதல் கேசட் இருளாயியுடையது.

ஓடிக்கொண்டிருந்த படம் கோடு கோடாகி நின்றது, உள்ளே நறநற என்று சத்தம் வந்தது. "அண்ணே, அவரு எங்கண்ணே போயிட்டாரு" என்று இருளாயி எழுந்து நின்றுவிட்டாள். ஒண்ணுமில்லை, மெசின் சூடாகிவிட்டது, அடுத்த வாரம் வா என்று பொய் சொல்லி அனுப்பினேன். மூடியைக் கழற்றிப் பார்த்தால் டேப்பு உள்ளே சுருண்டு கசங்கிக் கிடக்கிறது, ஒரு இடத்தில் பாதி கிழிந்தும் போயிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா, பழக்க தோஷம், அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எந்தக் காட்சியில் கிழிந்திருக்கிறது என்று தேடினேன். பிலிமா அது, தெரிவதற்கு? கரேலென்று இருந்தது. சரி, ஒட்டலாம் என்று என் பழைய பெட்டியிலிருந்து பிளேடை எடுத்துக் கிழிந்த ஓரத்தைச் சுரண்டினேன். பிலிமை ஒட்டுவதற்கு முன்னால் அப்படித்தான் சுரண்டுவோம், அப்போதுதான் பசை பிடிக்கும். பழுப்பாகப் பொடி கொட்டியது, டேப்பு கண்ணாடி மாதிரி ஆனது. ஏதோ தப்பு என்று அப்போதுதான் கை நின்றது. குமரப்பன் பார்த்துவிட்டு, கேசட்டில் பூஞ்சைக் காளான் பிடித்துவிட்டது என்று சொல்லிவிடலாம், எல்லாக் கடையிலும் நடப்பதுதான் என்றார். அவர் கெட்டவர் இல்லை, எனக்காகத்தான் சொன்னார். நானும் அப்படியே சொல்லிவிட நினைத்தேன், மறைக்க மாட்டேன். மூன்று நாள் இருளாயி கண்ணில் படாமல் பின்சந்து வழியாக வேலைக்குப் போனேன், ஐம்பத்து நாலு வயதில், கடன் வாங்கியவன் மாதிரி.

நாலாம் நாள் மத்தியானம் உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை. உள்ளே போய் பிஸ்கட் டின்னைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். "உங்க பிள்ள எழுதுனது. எனக்கு எழுதுனது வேற, இது பூரா உங்களுக்கு. ஒரு வரிகூட எனக்குப் புரியல, ஆனா ஒரு தாளும் கிழியாம வச்சிருக்கேன்" என்றாள். நீ மாசா மாசம் எழுதும்போது அம்மா அடுப்படியில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பாள், நான் வெளியே போய்விடுவேன். கடைசி இரண்டு மூன்று பக்கத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுவாள், அதுவும் எனக்குத் தெரியும். அந்தப் பக்கங்கள் எல்லாம் "அப்பாவுக்கு" என்று ஆரம்பிக்கின்றன என்பது மட்டும் தெரியாது, மணி. முப்பது கடிதம். நான் படிக்கமாட்டேன் என்று தெரிந்தும் முப்பது தடவை எழுதியிருக்கிறாய். அன்றைக்குச் சாயந்திரம்வரை படித்தேன். காலையில் வெள்ளைச் சட்டை, குல்லாய், கையுறை மாட்டிக்கொண்டு உடம்பிலுள்ள தூசி போகக் காற்று அடிக்கிற அறையைத் தாண்டி உள்ளே போவது, நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக் கடுகிலும் சின்ன ஹெட்டை ஒட்டுவது, மத்தியானம் புளிப்பு ஊறுகாய் வைத்த சோற்றுருண்டையைத் தின்பது, பக்கத்தில் உட்காரும் ஜப்பான்காரப் பெண் உன் பெயரைச் சொல்ல வராமல் "நாபாமானி" என்று கூப்பிடுவது எல்லாம் படித்துச் சிரித்தேன். படத்தோடு வரைந்து காட்டியிருக்கிறாய், ஹெட் பதித்த உருளை எப்படிச் சுற்றுகிறது, டேப்பு எப்படிச் சாய்ந்து ஓடுகிறது என்று. "அப்பா, உங்க புரொஜெக்டர்ல படம் கண்ணுக்குத் தெரியும், இதுல தெரியாது, அந்தப் பழுப்புப் பொடியிலதான் படம் இருக்கு, அதைச் சுரண்டினா போச்சு" என்று போன வருஷம் பிப்ரவரியிலேயே எழுதியிருக்கிறாய். அதற்கும் முந்திய கடிதத்தில், பாக்டரிக்குள் பவுடர் பூசக்கூடாது, திருநீறும் கூடாது, ஒரு துகள் விழுந்தாலும் டேப்பு நாசமாகிவிடும் என்பதால் காலையில் பூசியதைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன், வெளியே வந்து மறுபடி பூசிக்கொள்கிறேன், இதற்கு அப்பாவுக்குக் கோபம் வருமா என்று கேட்டிருக்கிறாய். அந்த ஒரு வரியை அப்போதே படித்திருந்தால் இருளாயி கேசட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. எனக்கு அழுகை வந்தது, உன் அம்மா பார்க்காத மாதிரி எழுந்து போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து, வியாழக்கிழமை. நெற்றியைக் கழுவி, கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவி, திருநீறு இல்லாமல் வேலைக்கு உட்கார்ந்தேன், என் ஆயுசில் முதல் தடவை. நீ எழுதியபடி ஸ்பிரிட்டை மான்தோலில் தொட்டு, உருளை சுற்றுகிற பக்கமாகவே ஹெட்டைத் துடைத்தேன், மேலும் கீழும் தேய்க்கவில்லை. தோல் எது என்றால் கொட்டகையில் லென்ஸ் துடைத்த அதே தோல்தான். ஈப்போவுக்கு பஸ் ஏறிப் போய் நீ சொன்ன ஒட்டுநாடாவை ஒரு ரேடியோக்காரனிடம் வாங்கி வைத்திருந்தேன். கசங்கிய ஒன்றரை அடியை வெட்டி எடுத்துவிட்டு, பின்பக்கமாக ஒட்டி, வேறு கேசட் கூட்டில் மாட்டி, நீ எழுதியபடியே ஒரே தடவை ஓடவிட்டுக் குமரப்பனின் இன்னொரு டெக்கில் நகல் எடுத்தேன். ஓடியது. கோயில் வாசலில் சின்னையா பன்னீர் தெளிக்கிறார், பந்தியில் வந்து "எல்லாரும் சாப்பிட்டாச்சா, வெட்கப்படாதீங்கலா" என்று கேட்கிறார், எல்லாம் வந்தது. வெட்டிய அந்தப் பதிமூன்று செகண்டு மட்டும் போய்விட்டது. அது எந்த இடம் என்று நானும் குமரப்பனும் பார்த்தோம். மகனும் மருமகளும் காலில் விழுகிறார்கள், படம் ஒரு துள்ளுத் துள்ளுகிறது, அப்புறம் எழுந்து நிற்கிறார்கள். நடுவில் சின்னையா மகன் நெற்றியில் திருநீறு பூசும் இடம்தான் இல்லை.

இருளாயியைக் கூப்பிட்டு உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பட்டை அடித்தது, சுரண்டியது, பொய் சொன்னது, உன் கடிதத்தைப் படிக்காதது, ஒன்றும் விடவில்லை. மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவள் போடுங்கண்ணே என்றாள், போட்டேன். அந்தத் துள்ளல் வந்த இடத்தில் டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "இந்த எடத்துல பூசுவாரு. கை நடுங்கும், பாதி அவன் மூக்குல கொட்டும், அவன் தும்முவான். எனக்கு மனப்பாடம்லா அண்ணே, நானே சொல்லிக்கிறேன்." அப்புறம், "நகல் ஒண்ணு எடுத்தீங்களே, அது பெருசு. இத்தனை நாளு இந்த ஒண்ணு போயிட்டா என்ன செய்யிறதுன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நன்றியை எனக்குச் சொன்னாள், அது உனக்குச் சேர வேண்டியது. அதனால்தான் எழுதுகிறேன். பெற்ற பிள்ளைக்கு அப்பன் நன்றி சொல்லலாமா என்று தெரியவில்லை, சொல்கிறேன். நன்றி நவமணி. நீ செய்கிற வேலை நல்ல வேலை. மண்ணைப் போடுகிற மெசின் என்றது என் வாய்க்கொழுப்பு, மனசில் வைத்துக்கொள்ளாதே. இப்போது உன் கடிதங்களை முதலிலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டு வருகிறேன். அந்தந்த மாசத்தில் நீ அம்மாவுக்கு என்ன எழுதினாய், எப்போது காய்ச்சல் வந்தது, எப்போது வீட்டு நினைப்பில் அழுதாய் என்று பக்கத்தில் உட்கார்ந்து அவள் சொல்லிக்கொண்டே வருகிறாள். நான் கேட்காமல் விட்டதெல்லாம் அவளுக்கு மனப்பாடமாக இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு. ஒரு மணி நேரம் மைக்ராஸ்கோப்பைப் பார்த்தால் ஐந்து நிமிஷம் ஜன்னல் வழியாகத் தூரத்து மரத்தைப் பார், புரொஜெக்டரின் கார்பன் வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவன் சொல்கிறேன், கேள். ஓவர்டைம் என்றால் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டாதே. ஹெட் தேய்ந்துவிட்டதா அழுக்கா என்று படத்தைப் பார்த்தே எப்படிக் கண்டுபிடிப்பது என்று அடுத்த கடிதத்தில் எழுது, "அப்பாவுக்கு" என்று போட்டே எழுது. டெக்குக்கு இனிமேல் பொட்டு மட்டும்தான், அதுவும் வெளிப்பெட்டியில் ஒரு ஓரமாக.

எல்லா நலமும் உன்னோடு இருக்கட்டும், தாயே, அம்மாவின் ஆசீர்வாதமும் இதில் சேர்த்தி. மார்ச் மாசம் வருகிறாய் என்று எழுதியிருக்கிறாய், தேதியை முன்கூட்டியே தெரியப்படுத்து, மறந்துவிடாதே. சுபாங்கில் எல்லாருக்கும் முன்னால் நான்தான் நிற்பேன், சட்டைப் பையில் திருநீறு மடித்து வைத்திருப்பேன். விமானத்திலேயே பொட்டு வைத்துக்கொள், ஆனால் அதற்கு மேலே நெற்றியில் எனக்குக் கொஞ்சம் இடம் விட்டு வை.

இப்படிக்கு,
உன் அப்பா,
பிச்சைமுத்து