காலி வரிக்கு ஒரு பெயர்

பிப்ரவரி 26

எமில் ஒப்புக்கொண்டுவிட்டார். என்னிடம் கேட்கவில்லை. ஒப்புக்கொண்ட பிறகு சொன்னார்.

ஒமாஹாவிலிருந்து கட்சிக்காரப் பெண் பிராண்டி கெஸ்லர் வந்திருந்தாள். அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவளை வெறும் வயிற்றோடு அனுப்ப முடியுமா? காப்பியும் கசகசா வைத்த கோலாச் பன்னும் கொடுத்தேன். இரண்டாவது கோலாச்சை எடுத்துக்கொண்டே விஷயத்துக்கு வந்தாள்.

"நெப்ராஸ்காவுலேர்ந்து வாஷிங்டனுக்கு மூணே தொகுதி சார். ஒமாஹாவுக்கு ஆள் இருக்கு, லிங்கனுக்கு ஆள் இருக்கு. இந்த மூணாவது மட்டும் வாக்குச்சீட்டுல காலியா கிடக்கு. இங்க பேரே இல்லன்னா நம்ம ஆளுங்க சாவடிப் பக்கமே வர மாட்டாங்க. அவங்க வரலன்னா கவர்னர் தேர்தல்ல அடி விழும்."

"ஜெயிக்கிறதுக்கு இல்ல, அப்படித்தானே?" என்றேன்.

"பேர் இருந்தா போதும் மேடம்." அவள் வெட்கப்படக்கூட இல்லை.

எமில் சிரித்தார். "முப்பது வருஷமா மாட்டு வயித்துக்குள்ள கை விட்டுட்டிருக்கேன். இதுக்குள்ளயும் விட்டுப் பார்த்துடறேன்."

இந்த ஊரில் மாட்டு டாக்டராக இருந்துகொண்டு அந்தக் கட்சியின் பெயரில் நிற்பதாவது! மாடு வைத்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் எதிர்க்கட்சி. அவர்கள் கூப்பிட்டால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். அது இவருக்குத் தெரியாதா?

மார்ச் 1

வேட்புமனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். புதுச் சட்டை. கல்யாணத்துக்குப் போய்வந்த முகம்.

மே 13

கட்சிக்குள் நடக்கும் முதல் தேர்தல் இன்று. எமிலை எதிர்த்து ஒருவரும் நிற்கவில்லை. யார் நிற்பார்கள்? இருந்தாலும் ராத்திரிச் சாப்பாட்டின்போது "ஜெயிச்சுட்டேன் யூனிஸ்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். முழுக்க விளையாட்டு இல்லை என்றும் எனக்குப் பட்டது.

ஜூன் 30

மழை இல்லை. புல் இப்போதே காய்ந்துவிட்டது. எமில் வாரத்தில் நான்கு நாள் வெளியூர். இந்தத் தொகுதிக்கு எல்லையே கிடையாது போலிருக்கிறது. காலையில் கிளம்பினால் மாலை வரை ஓட்டிக்கொண்டே இருந்தாலும் அதே தொகுதிதான். ஏதோ ஒரு நூலகத்தில் ஏழு கிழவர்களிடம் பேசிவிட்டு வந்து, ஏழு பேரும் கைகுலுக்கினார்கள் என்று பூரிக்கிறார்.

ஆகஸ்ட் 2

மாவட்டச் சந்தை ஊர்வலம். எமில் தன் பழைய வண்டியின் பின்னால் நின்றுகொண்டு எல்லா வேட்பாளர்களையும் போல மிட்டாய் வீசினார். முன்னால் போன எதிர்க்கட்சி வண்டியின் மிட்டாயைப் பொறுக்கத் தள்ளுமுள்ளு. இவர் வீசியதில் பாதி தார்ச் சாலையில் கிடந்து உருகியது. தானியக் கிடங்கு ரெக்ஸ் மட்டும் கையை வாயருகே குவித்துக் கத்தினான்: "டாக்டரே, மாட்டுக்குப் போட்ட மாத்திரையா அது?"

எல்லோரும் சிரித்தார்கள். எமிலும் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

மாட்டுப் பண்ணைக்கார ஆர்லோவின் மனைவி வில்மா குனிந்து கை நிறையப் பொறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். ஆர்லோ, வில்மா இரண்டு பேருக்காக இந்த ஊரை மன்னிக்கலாம்.

செப்டம்பர் 14

லிங்கனில் கட்சி விருந்து. ஒமாஹா வேட்பாளரும் லிங்கன் வேட்பாளரும் மேடையில். எங்களைச் சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் என் நாற்காலியில் இடித்தது. பேசியவர்கள் எல்லோரும் ஒமாஹாவைப் பற்றியே பேசினார்கள். அங்கே இழுபறியாம், கடைசி டாலர் வரை அங்கேதான் போகுமாம். "மற்றும் மூன்றாம் தொகுதியில் நமது டாக்டர் எமில் ஹவர்நாக்" என்று ஒருவர் பெயரைத் தப்பாகச் சொன்னார். ஹவ்ரானெக் ஐயா, ஹவ்ரானெக். எமில் எழுந்து நின்று கையசைத்தார்.

திரும்பும் வழியில் ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. நல்ல மனுஷனாக இருப்பதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

அக்டோபர் 3

தொலைபேசி அடிக்கவில்லை. இது சினை பார்க்கும் காலம். போன வருஷம் இதே நாட்களில் சாப்பிட உட்கார்ந்தால் மூன்று தடவை எழுந்து போவார். இந்த வருஷம் இந்த வாரம் முழுக்க இரண்டே இரண்டு அழைப்பு, அதில் ஒன்று பூனைக்கு. பக்கத்து ஊரில் புதிதாக வந்திருக்கும் இளம் டாக்டரிடம் போகிறார்களோ? வேறென்ன? மாற்றுக் கட்சியில் நின்றவன் கையை எவன் தன் மாட்டில் விடச் சொல்லுவான்?

இவரோ அழைப்பு இல்லாததை நல்லதாக எடுத்துக்கொண்டு இன்னும் மேற்கே போகிறார்.

அக்டோபர் 12

இன்று சொன்னார். ஷூவைக் கழற்றிக்கொண்டே, ஏதோ வானிலை சொல்வது போல.

"பிராண்டி பேசினா. ரெண்டு வருஷம் கழிச்சு திரும்ப நிக்கறீங்களான்னு கேக்கறா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தொகுதியில தோப்பேன், அது தெரிஞ்சதுதான். ஆனா நம்ம ஊர் சாவடியில மூணுல ஒருத்தராவது எனக்குப் போட்டா திரும்ப நிக்கறேன்னேன். என்னை அறிஞ்ச ஜனங்க சொல்லட்டும்."

 பாத்திரத்தை டங்கென்று வைத்தேன். இன்னும் இரண்டு வருஷமா? இந்த ஒரு இலையுதிர்காலத்துக்கே தொழில் படுத்துவிட்டது. இன்னொரு தடவை நின்றால் பெயர்ப்பலகையைக் கழற்ற வேண்டியதுதான். அப்புறம் எங்கே போவது? எனக்கு இந்த ஊரை விட்டால் வேறு ஊர் கிடையாது. அவருக்கும்தான். ஆனால் அது அவருக்குத் தெரியவில்லை, தெரியவே மாட்டேங்குது, நான் என்ன பண்ணுவேன்?

அக்டோபர் 19

சர்ச் சமையலறை. தேர்தல் நாளன்று சாவடிக்கு வருகிறவர்களுக்கு மிளகாய் சூப்பும் பட்டை ரொட்டியும் போடுவது எங்கள் வேலை. மாவு பிசைந்துகொண்டிருந்தோம், எட்டுப் பேர்.

ட்ரூடி சொன்னாள்: "என் ஆயுசுல நான் அந்தக் கட்சிக்குப் போட்டதில்ல. ஆனா இந்தத் தடவை எமிலுக்குத்தான். எங்க வீட்டுக்காரரும் அதே சொல்றார். வெளிய சொல்லிக்க மாட்டார், அவ்வளவுதான்."

"நாங்களும்" என்றாள் வில்மா. "எங்க கொட்டகையில எத்தனை கன்னுக்குட்டியை உயிரோட எடுத்துக் குடுத்திருக்கார்."

இன்னும் மூன்று பேர் தலையாட்டினார்கள்.  சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் எண்ணிப் பார்த்தேன், மூன்றில் ஒன்று வந்துவிடும் போலிருந்தது.

சொல்லிவிட்டேன். "அவர் மேல பாசம் இருந்தா போடாதீங்க."

 அவர் வைத்த கணக்கைச் சொன்னேன். திரும்ப நிற்பார், தொழில் போய்விடும், நாங்கள் போக வேண்டியதுதான் என்று சொன்னேன். அழுதுவிட்டேன் என்று நினைக்கிறேன். "உங்க வீட்டு ஆம்பளைங்ககிட்டயும் சொல்லுங்க. ஆனா நான் சொன்னேன்னு சொல்ல வேண்டாம்."

ட்ரூடிதான் முதலில் சிரித்தாள். "என்னடி யூனிஸ், புருஷனுக்கு எதிரா பிரசாரம் பண்ற ஒரே பொண்டாட்டி நீதான்டி!" எல்லோரும் சிரித்தார்கள். வில்மா சிரிக்கவில்லை. "நல்லா யோசிச்சுட்டியா?" என்று மட்டும் கேட்டாள். யோசித்துவிட்டேன் என்றேன்.

நவம்பர் 4

காலையில் இருவரும் சேர்ந்து போனோம். எமில் சாவடி இருக்கும் தீயணைப்புக் கூடத்தின் வாசலில் எல்லோரிடமும் கைகுலுக்கினார், பிறகு வேட்பாளர் சாவடிக்கருகே நிற்கக்கூடாது என்ற விதி ஞாபகம் வந்து தள்ளிப்போய் நின்றார். திரைக்குள் நான் பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் பெயரைத் தாண்டிப் போகக் கை வரவில்லை. அவருக்கே போட்டேன். இது எந்த ஊர் நியாயமோ!

சூப் சட்டியில் கரண்டி போட்டுக்கொண்டு நாள் முழுக்க நின்றேன். வந்தவர்கள் எல்லோரும் எமிலின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.

சாவடி மூடியதுமே மூன்றாம் தொகுதியின் முடிவைத் தொலைக்காட்சியில் சொல்லிவிட்டார்கள். இவர் படம் வந்தது, போனது. அதன் பிறகு முழுக்க ஒமாஹாதான். எமில் மட்டும் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நம்ம சாவடி, நம்ம சாவடி என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 5

ஒன்பது.

இருநூறு பேருக்கு மேல் போட்ட எங்கள் சாவடியில் இவருக்கு ஒன்பது ஓட்டு. அதில் இரண்டு எங்களுடையது. இவர் காலடியே படாத மேற்குக் கோடி மாவட்டங்களில்கூட நாலில் ஒருவர் போட்டிருக்கிறார்.

சமையலறை மேஜையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னைத் தெரியாதவன் போட்டிருக்கான் யூனிஸ். தெரிஞ்சவன்தான் போடல." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலாம்.

நான் நினைத்தது கொஞ்சம் வாடுவார், பிறகு தெளிவார் என்று. அந்த ஏழு பெண்களும் இவ்வளவு ஒழுங்காகச் செய்துமுடிப்பார்கள் என்று நினைக்கவில்லை. நினைக்கலியே, கடவுளே.

நவம்பர் 9

சர்ச்சுக்கு வரவில்லை. "தோளைத் தட்டினாங்களே, அதுதான் எனக்குத் தாங்கல" என்றார்.

நவம்பர் 16

பிரார்த்தனை முடிந்ததும் ஆர்லோ ஓரமாக நிறுத்திக் கேட்டார்: "டாக்டர் ஏன் போனை எடுக்க மாட்டேங்கறார்? இருக்கிறது பாதி மந்தை, அதையாவது பார்க்கணும்ல?"

"பாதி மந்தையா?"

"புல் எங்க இருக்கு? ஆகஸ்ட்லயே ஓட்டிட்டுப் போய் வித்துட்டேன். எல்லாரும்தான் வித்தாங்க. அக்கம்பக்கத்துக்குத் தெரிஞ்சா அசிங்கம்னு வெளியூர் ஏலத்துல. பக்கத்து ஊர் சின்ன டாக்டர்கூட ஈ ஓட்டறாராம்."

வண்டியில் உட்கார்ந்து வெகுநேரம் சாவியைத் திருகாமலே இருந்தேன். மாடு இல்லாததால் தொலைபேசி அடிக்கவில்லை. அவ்வளவுதான். கட்சியும் இல்லை, கோபமும் இல்லை. மழை பெய்யவில்லை, அவ்வளவுதான். ஊர்சுற்றப் போன இவருக்கும் தெரியவில்லை, வீட்டிலேயே இருந்த எனக்கும் தெரியவில்லை.

நவம்பர் 17

இன்று சொல்லிவிடலாம் என்று கதவு வரை போனேன். சொன்னால் அவருக்கு ஊர் திரும்பக் கிடைக்கும். நான் கிடைக்கமாட்டேன். திரும்பி வந்துவிட்டேன்.

டிசம்பர் 8

கொட்டகையையும் கருவிகளையும் சின்ன டாக்டருக்கே கொடுத்துவிட்டார். ஒமாஹாவில் மகள் லியா தன் வீட்டுக்குப் பக்கத்தில் அறை பார்த்திருக்கிறாளாம். "இந்த வயசுல எதுக்கு?" என்றேன். "இங்க யார் முகத்தைப் பார்க்கச் சொல்ற?" என்றார். சண்டைகூடப் போட முடியவில்லை. எந்த வாயால் போடுவது?

ஜனவரி 11

வந்துவிட்டோம். ஜன்னலைத் திறந்தால் இன்னொருவர் ஜன்னல்.

பிப்ரவரி 6

நாய் பூனை ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு மூன்று நாள் வேலை. நகம் வெட்டுகிறார். பிராண்டி ஒரு தடவை வந்தாள். ஒமாஹாவில் கொஞ்சத்தில் தோற்றது பற்றியே பேசிவிட்டுப் போனாள்.

மார்ச் 14

மதியம் ஆர்லோ கூப்பிட்டார். மூச்சு வாங்கியது. பின்னால் மாடு அலறுவது கேட்டது. "தலைச்சன் கிடாரி யூனிஸ், கன்னு குறுக்கே கிடக்கு. சின்ன டாக்டர் வேற மாவட்டத்துல மாட்டிக்கிட்டார். டாக்டர் போன்ல வழி சொன்னாப் போதும், நான் கை விட்டுக்கறேன்."

எமில் சோபாவில் இருந்தார். தொலைபேசியை நீட்டினேன். ஆர்லோ பெயரைக் கேட்டதும் அவர் முகம் ஒரு நொடி பழையபடி ஆனது, வலது கை தானாக எழுந்தது. பிறகு கையைக் கீழே போட்டுவிட்டார்.

"அவங்க ஓட்டுப் போட்டு ஜெயிக்க வச்ச ஆளைக் கூப்பிடச் சொல்லு. வாஷிங்டன்லதான் இருப்பார்."

அது ஆர்லோவுக்கும் கேட்டுவிட்டது. நான் தாழ்வாரத்துக்கு வந்தேன். "வில்மா என்கிட்ட எல்லாம் சொன்னா" என்றார் மெதுவாக. "அவர்கிட்ட இன்னும் நீ சொல்லலியா?"

 மாடு மறுபடி அலறியது. "இப்ப சொன்னாக்கூட போனுக்கு வருவார் யூனிஸ். இப்ப சொல்லேன்."

வாயைத் திறந்தேன். நிஜமாகத் திறந்தேன். பிறகு தொலைபேசியை வைத்துவிட்டேன்.

மாலையில் வில்மாவிடமிருந்து செய்தி. கன்றும் போச்சு, கிடாரியும் போச்சு. அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.

சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அந்தக் கன்னு என்ன ஆச்சு?" மதியத்திலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நான் எப்படி நிஜத்தைச் சொல்வேன்?

"ரெண்டும் பிழைச்சுருச்சு" என்றேன். "ஆர்லோவே எடுத்துட்டாராம்."

தலையை ஆட்டிக்கொண்டார். "அப்ப நான் இல்லாமலே நடக்குது" என்று சொல்லிவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, படுக்கப் போய்விட்டார்.