கப்பு வந்தால் மேட் வரும்

மாப்ளே,

ஈரேழு பதினான்கு உலகத்தையும் சாட்சிக்கு நிறுத்தி, ஒருவரும் நம்பப்போகாத கதை ஒன்றை உனக்குச் சொல்லப்போகிறேன். கதையில் நீயும் இருக்கிறாய். மறுத்துப் பேச இனி நீ வரமாட்டாய் என்ற தைரியம்தான்.

இன்று காலை வயலுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, நீ வேலை பார்த்த கல்லூரி வழியாகத் திரும்பினேன். லாரியிலிருந்து கபடி மேட் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் புது ரப்பர் வாசனை முத்துப்பேட்டை வரைக்கும் போய் மீன்களைத் தும்மவைத்திருக்கும். "டீம் திரும்ப ஆரம்பிச்சாச்சா?" என்று வாட்ச்மேனைக் கேட்டேன்.

"டீமாவது! இன்ஸ்பெக்‌ஷன் வருதுங்க. விரிச்சுப் போட்டோ எடுத்துட்டுச் சுருட்டி வச்சிருவாங்க."

விளையாட்டு ஆசிரியராக இருந்தபோது பெண்கள் கபடி அணிக்கு நீ கேட்டதும் ஒரு மேட்தான். தாளாளர் என்ன சொன்னார்? "மொதல்ல கப்பக் கொண்டாங்க சார், மேட் தானா வரும். இந்தத் தடவ தோத்தா டீமே வேணாம்." மேட்டூர் அணை திறப்பதற்கு முன்பே விதைநெல்லும் உரமும் வாங்கி அடுக்குகிற மிராசுதார் அவர்! "வயலுக்கு மட்டும் முன்னாடியே கொட்டுறீங்களே அய்யா?" என்றாய்.

"வயலும் இதுவும் ஒண்ணா சார்?"

அதைக் கேட்டுக் காவிரி வெட்கப்பட்டுக் குடகுக்கே திரும்பி ஓடியது.

நெல் காயவைக்கிற என் தார்ப்பாயை எடுத்துப்போய், அடியில் வைக்கோலைப் பரப்பி அதையே மேட் என்றாய். அதில் விழுந்த பெண்கள் தென்னை உயரம் எம்பினார்கள். கேப்டன் தமிழரசி தரைக்கு வருவதற்குள் நான் ஒரு டீ குடித்துவிடுவேன்.

"டேய், தார்ப்பாய் கிழிஞ்சா உன் வேட்டியிலதான்டா நெல்லு காயும்."

"ஜெயிச்சா பட்டு வேட்டியே விரிக்கிறேன் மாப்ளே" என்றாய்.

தஞ்சாவூர்ப் போட்டியில் நிஜ மேட். இடைவேளை வரை நம் பெண்கள்தான் முன்னால். அப்புறம் பழகாத ரப்பர் உள்ளங்காலை உரித்துவிட்டது. மேட்டிலேயே வளர்ந்த எதிரணி, ஷூ போட்ட காலோடு வந்து, நொண்டியவர்களை ஒவ்வொருவராக அமுக்கியது. நம் பெண்களின் காலில் பறந்த பொறியில்தான் பெரிய கோயில் விமானம் அப்படிக் கருத்துக் கிடக்கிறது.

தோற்றோம். அணியைக் கலைத்தார்கள். உன்னைக் கல்லூரிப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றிவிடுகிற வேலையில் நிறுத்தினார்கள். அடுத்த சம்பா அறுப்புக்குள் போய்ச் சேர்ந்துவிட்டாய். இரங்கல் கூட்டத்தில் தாளாளர், "விளையாட்டுக்காகவே வாழ்ந்தவர்" என்று கண்ணைத் துடைத்தார். நான் வெளியே வந்து காறித் துப்பினேன்.

இதையெல்லாம் புளுகு என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்கிறேன். ஒரு சின்ன இடம் மட்டும் மெய். அதைத்தான் இன்னும் சுமந்து திரிகிறேன். தஞ்சாவூரில் தோற்ற அன்று, நாம் போன வேன் பக்கத்தில் குந்தி, தமிழரசியின் காலில் நீ தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாய். "சார், அடுத்த வருஷம் மேட் வாங்கிருவாங்கல்ல?" என்றாள்.

என் முகத்தைப் பார்க்காமல், "வாங்கிருவாங்கம்மா" என்றாய்.